சந்தானத்தின் ஐந்தாம் பக்கம்

கடைசியாக அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை, இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை. லேக் கார்டன்ஸ் வீட்டில் அந்தப் பேட்டரி படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், வெளிச்சம் எட்டாத மூலையில் இருந்தது. சந்தானம் டார்ச் பிடிப்பார். மஹிமா புனல் வைத்து ஊற்றுவாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதுதான் ஏற்பாடு.

அன்று அவளிடம் ஒரு செய்தி இருந்தது. வெள்ளிக்கிழமையோடு அவள் வேலையை விட்டிருந்தாள். செக்டர் ஃபைவில் மொபைல் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனி. ஒன்பது வருடம் அங்கே ஆட்டங்கள் ஓடும் சர்வர் கணினிகளைப் பார்த்துக்கொண்டவள். இரண்டாவது செல் நிரம்பியதும் சொல்லலாம் என்று இருந்தாள்.

போன் அடித்தது.

"பிரிட்டோ! சொல்லுய்யா. ஆன்லைன் கம்பெனிகளோட புது ரூல்ஸ் படிச்சியா? ஒரு டிக் போட்டா சம்மதமாம்யா!"

பேசிக்கொண்டே சந்தானம் பால்கனிக்குப் போனார். டார்ச்சும் அவரோடு போயிற்று. நல்ல வெயிலில், எரியும் டார்ச்சைக் கையில் ஆட்டியபடி நின்று சிரித்தார். வீட்டில் யாருக்கும் கிடைக்காத சிரிப்பு. அம்மா உயிரோடு இருந்த காலத்திலும் கிடைத்ததில்லை. மஹிமா இருட்டில் குத்துமதிப்பாக ஊற்றினாள்.

"என்னடி, மூணாவதுல வழியறதே?" என்றார் திரும்பி வந்து.

"டார்ச்சுக்கு போன் வந்துடுத்து."

"கோவிச்சுக்காதே. அஞ்சாம் பக்க விஷயம்."

"உனக்கு எல்லாமே அஞ்சாம் பக்க விஷயம்தான்."

செய்தியை அவள் சொல்லவில்லை. அவராகக் கேட்டால் சொல்லலாம் என்று விட்டாள். திங்கட்கிழமை வீட்டில் இருந்தவளைப் பார்த்து, "லீவா?" என்றார். "ஆமாம்" என்றாள். செவ்வாயும் புதனும் அப்படியே போயின. வியாழன் காலை ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. எழுபத்தொரு வயது.

சந்தானம் கிடர்பூர் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் சுங்க மதிப்பீட்டாளராக இருந்தார். வந்த பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பது என்ன சரக்கு, எந்த வரித் தலைப்பின் கீழ் வரும் என்று எழுதுவது வேலை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கன்டெய்னர் நிறைய வீடியோ கேம் பெட்டிகள் 'கல்விக் கருவிகள்' என்ற பெயரில் வந்து இறங்கின. இறக்குமதியாளர் சார்பில் சரக்கை விடுவிக்க வந்த ஏஜென்ட் பிரிட்டோ, இது கணினி, பாடம் நடத்தும் என்று சாதித்தார். சந்தானம் ஷெட்டுக்கு ஒரு டி.வி.யை வரவழைத்தார். பெட்டி ஒன்றைப் பொருத்தி, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் ஆடினார். பிறகு எழுதினார்: விளையாட்டுப் பொருள். அன்று பிடித்துக்கொண்ட ஆசை கடைசி வரை விடவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, லேக் மார்க்கெட் வட்டாரத்துத் தமிழர்கள் நடத்தும் எட்டுப் பக்க மாத இதழில் ஐந்தாம் பக்கம் அவருக்கு வந்தது. நான்காம் பக்கத்தில் ராசிபலன், ஆறாம் பக்கத்தில் சமையல். இரண்டுக்கும் நடுவில் இவர் தொழில்நுட்பம் எழுதினார். எதைப் பற்றி எழுதினாலும் துறைமுகத்து ஆள்தான் எழுதினார். ஆன்லைன் கடையில் பட்டன் மேலே 'வாங்கு' என்று எழுதி, உள்ளே நிபந்தனையில் 'வாடகை' என்று எழுதினால் அது பொய்யான டிக்ளரேஷன். சரக்கை நிறுத்த வேண்டும். படம் வரையும் மென்பொருளுக்கு மூலப்பொருள் எந்த நாட்டிலிருந்து, யாரிடமிருந்து வந்தது என்று சான்றிதழ் எங்கே? விளையாட்டில் மூடி வைத்த மாயப் பெட்டியைக் குழந்தையிடம் விற்கிறார்கள். திறந்து காட்டாத பெட்டிக்கு நான் எந்தக் காலத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை.

ராசிபலன் பார்க்கப் புரட்டியவர்கள் இதையும் படித்தார்கள். கடைத்தெருவில் காய் வாங்கும்போது நிறுத்திக் கேட்டார்கள்.

மஹிமாவும் படித்தாள். சிவப்புப் பேனாவோடு படித்தாள். இணையத்தின் தாமதத்தையும் வேகத்தையும் குழப்பியிருப்பார். தகவலை மறையெழுத்தாக்கும் என்கிரிப்ஷனைப் பூட்டு என்பார், அது போதாது. சர்வர் என்பது ஏதோ ஒரே ஒரு பெரிய பெட்டி என்கிற மாதிரி எழுதுவார். ஒவ்வொரு மாதமும் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கும்: 'இது பற்றி நண்பர் பிரிட்டோவுடன் நெடுநேரம் பேசினேன்.' அந்த வரியின் கீழ் அவள் பேனா இரண்டு முறை கோடு போடும்.

மெயிலில் ஒரு படத்தை இணைக்கத் தெரியாத பிரிட்டோ. அடுத்த அறையில் சர்வர் வேலை செய்யும் மகள்.

ஒருமுறை கேட்டேவிட்டாள். "இதுல நாலு தப்பு இருக்குப்பா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"அதெல்லாம் பிரிட்டோ பாத்துப்பான்," என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளைப் பிரித்தார்.

அந்த ஒரு வாக்கியத்தோடு அவள் இரண்டு வருடம் இருந்தாள். தட்டில் சாதம் போடும்போதும் அது இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, கப்பலை ஓட்டித் துறைமுகத்தில் சேர்க்கும் ஒரு ஆன்லைன் ஆட்டம் ஆட பிரிட்டோ வீட்டுக்குக் கிளம்பும்போது, அது நெஞ்சில் நன்றாகவே குத்தியது.

துக்கம் கேட்க வந்த இதழாசிரியர் வெங்கடராமன் அதை இன்னும் ஆழமாக இறக்கினார். "அஞ்சாம் பக்கத்தை விடப்படாதும்மா. பிரிட்டோகிட்ட சொல்லியிருக்கேன். அவருக்குத்தான் உங்கப்பா மனசு தெரியும்."

பதின்மூன்றாம் நாள் முடிந்த மறுநாள் மஹிமா கிடர்பூருக்கு பஸ் ஏறினாள். அப்பாவின் கோப்புகள் அங்கே பிரிட்டோ வீட்டில் இருந்தன. அவற்றை வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். பக்கத்தை பிரிட்டோ எழுதுவதானால் எழுதட்டும், அப்பாவின் காகிதத்தை வைத்து எழுத வேண்டாம். இது வெளியே சொல்லிக்கொண்ட காரணம். உண்மையில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: என் அறிவை அவர் எதற்கும் ஆகாதது என்று நினைத்தாரா?

பிரிட்டோவுக்கு எழுபத்து நாலு வயது. தூத்துக்குடியிலிருந்து வந்து ஐம்பது வருடம் ஆகியும் பேச்சு அங்கேயே இருந்தது. கதவைத் திறந்தவர் அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாம்மா. ஒக்காரு. டீ போடுதேன்."

"டீ வேண்டாம் அங்கிள். அப்பா ஃபைலெல்லாம் குடுங்கோ. கிளம்பறேன்."

"ஒங்க அப்பா இருபத்தாறு வருஷம் இதையேதான் சொன்னாரு, டீ வேண்டாம்னு. நீயும் ஆரம்பிக்காத."

அவள் உட்கார்ந்தாள். அவர் அடுப்படியிலிருந்தே பேசினார்.

"நான் பார்ட்டி பக்கத்து ஆளு, சரக்கு எறக்குத கம்பெனிக்காரன் பக்கம். அவரு சர்க்காரு. என் சரக்கு அவரு மேசைல இருக்கும். அதனால என் கையால ஒரு வாய் டீ குடிச்சதில்ல. கேன்டீன்ல நான் உள்ள போனா அவரு எழுந்து போயிருவாரு. என்னடா மனுசன், இவ்வளவு திமிரான்னு நெனப்பேன். ரிடையர் ஆன மறுநாள் காலைல ஏழு மணிக்கு இந்த வாசல்ல நிக்காரு. 'பிரிட்டோ, இப்போ குடுய்யா டீ'ங்காரு."

மஹிமா சிரிக்கவில்லை. "உங்ககிட்ட மாசாமாசம் எல்லாம் பேசினார். என்னை ஒண்ணும் கேட்டதில்லை. எனக்குத் தெரியாததா அங்கிள்? சர்வர்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றார் பிரிட்டோ. டம்ளரை அவள் முன்னால் வைத்தார். "அவரு பேசுவாரு. நான் குறுக்கால பேசுவேன். அவ்வளவுதான்."

"அப்போ ஏன்?"

"நீ கேம் கம்பெனில இருக்க. அவரு கேம் கம்பெனிகளைத் திட்டி எழுதுதாரு. ஒன்ன கேட்டு எழுதினா நீ பார்ட்டி பக்கத்து ஆளு, சாட்சி சேராது. நாளைக்கு கம்பெனிக்காரன் ஒன்னத்தான் புடிப்பான். 'அவ அந்த வேலைய விடட்டும்யா, அன்னிக்கே கேக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

டீ சூடாக இருந்தது. அவள் அதை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் விட்டுட்டேன் அங்கிள்."

"எப்போ?"

"அவர் போறதுக்கு ஆறு நாள் முன்னாடி."

"அவருட்ட சொன்னியா?"

"இல்லை."

"ஏம்மா?"

"சொல்ல வாயெடுத்தேன். உங்க போன் வந்தது."

சொன்னதும் அது அநியாயம் என்று தெரிந்தது. போன் பத்து நிமிடம். அதற்குப் பிறகு நான்கு நாள் இருந்தது. அவள் முறுக்கிக்கொண்டு இருந்தாள். பிரிட்டோ மறுத்துப் பேசியிருக்கலாம்.  அவரோ எழுந்து போய் அலமாரித் தட்டிலிருந்து கோப்புகளை இறக்கினார். எல்லாம் துறைமுக முறைப்படி வெள்ளை நாடா கட்டியிருந்தன. ஒன்றை மட்டும் தனியே எடுத்து மேலே வைத்தார்.

"இத வருஷக்கணக்கா வச்சிருக்காரு. ஒவ்வொரு மாசமும், 'இது ரெடியாகல'ன்னு வேற ஒண்ணு எழுதிருவாரு. வெங்கடராமன் இந்த மாசம் இதத்தான் கேக்காரு. சனிக்கிழமைக்குள்ள லேக் மார்க்கெட் அச்சகத்துல குடுக்கணும். என்னால ஆகாது. நீ பாரு."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கீழே லாரி ஒன்று பின்வாங்கிக்கொண்டு இருந்தது.

மஹிமா நாடாவை அவிழ்த்தாள். இரண்டு பக்கம், கையால் எழுதியது. கம்பெனிகள் ஆட்டத்தை மூடுவது பற்றி: விற்ற சரக்கை, விற்றவனே எங்கோ உட்கார்ந்து விசையைத் தட்டி வாங்கியவன் வீட்டில் செயலிழக்க வைக்கலாமா, சட்டம் இதை என்ன பெயரில் அழைக்க வேண்டும்? வழக்கமான எழுத்து. இரண்டாம் பக்கத்தின் நடுவில் நான்கு வரி இடம் விட்டிருந்தது. அதற்கு மேலே கேள்வி: 'மூடும்போது சர்வரை ஆடுகிறவர்களிடமே ஒப்படைக்க முடியாதா? முடியாது என்பது தொழில்நுட்பமா, மனமின்மையா?'

பத்து நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பாள். அவளே இரண்டு ஆட்டங்களை மூடியிருக்கிறாள். விசையைத் தட்டியது அவள் விரல்தான்.

விட்ட இடத்தின் ஓரத்தில், பென்சிலில், வேறொரு கையெழுத்து: 'முடியும்னு நினைக்கேன் — பி.' பதில் சரிதான். அதனாலேயே அதை அழிக்க வேண்டும்போல் இருந்தது. கட்டை விரலை அதன் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்துவிட்டாள். பென்சில் லேசாகக் கலைந்திருந்தது.

கோப்பின் மேலட்டையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஆபீஸில் நிலுவை வேலைகளுக்கு அவர் போடும் அதே வடிவம், மூன்று கட்டங்கள்.

செய்ய வேண்டியது: மஹிமாவைக் கேட்பது.

எப்போது: அவள் விலகிய அன்றே.

செய்த தேதி: