சொல்லாமல் திறக்காத பூட்டுக்காரர்

செருப்புக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே, ஒற்றைக் கதவு அகலத்தில் இருக்கிறது பூட்டுக்காரரின் கடை. சுவர் முழுக்கச் சாவிகள். ஐம்பதைத் தொடும் அந்த மனிதருக்கு மசியாத பூட்டே கிடையாது. ஆனால் தெருவே அவரைக் கேலி செய்யும்.

காரணம், அவருடைய பிடிவாதம்! பூட்டிய அறைக்குள் ஆள் இருந்தால் முதலில் கதவைத் தட்டுவார். தான் யார், கூட்டி வந்தது யார், எதற்கு என்று உரக்கச் சொல்வார். யாராவது மயங்கிக் கிடந்தால் வேறு கதை. மற்றபடி உள்ளிருப்பவர் வேண்டாம் என்றால் பூட்டைத் திறக்கும் கம்பியைத் தொட மாட்டார்.

ஒருமுறை ஒரு கணவர் பதறி ஓடிவந்தார், வீட்டுக் கதவு திறக்கவில்லை என்று. இவர் தட்டி விவரம் சொன்னதும் உள்ளிருந்து மனைவியின் குரல்: “திறக்காதீங்கண்ணே! மன்னிப்புக் கேக்கற வரைக்கும் அந்த மனுஷன் வெளியவே நிக்கட்டும்!” பூட்டுக்காரர் கருவிப்பையை மூடிவிட்டார். “கேட்டுடுங்க சார், அதான் சாவி” என்றார்.

“பொய் சொல்லித் திறந்தா அதுவும் உடைக்கிறதுதான்” என்பார். அவர் மனைவியோ, “உண்மைவிளம்பியைக் கட்டிக்கிட்டேன், என் குழம்பை ஒருநாளாவது நல்லாருக்குன்னு சொல்லியிருப்பாரா?” என்று தலையில் அடித்துக்கொள்வார்.

சிரிப்பாகவே போயிருக்கும் அந்த வாழ்க்கை, அன்று மத்தியானம் அவருடைய தங்கை ஓடி வராதிருந்தால்!

“அண்ணா, பையை எடு! மேனேஜர் உள்ள பூட்டிக்கிட்டான்!”

அவருக்குப் புரிந்தது. தகர மூடி செய்யும் தொழிற்சாலையில் காலையில்தான் அவள் கணவனின் இரண்டு விரல்கள் இயந்திரத்தில் போயிருந்தன. கையைக் காக்கும் தடுப்பு அந்த இயந்திரத்தில் இல்லை. யாரோ கழற்றச் சொல்லியிருக்கிறார்கள்!

தொழிற்சாலையின் உள்ளே இயந்திரங்கள் அத்தனையும் ஊமையாகி நின்றன. மேனேஜர் அறையின் இரும்புக் கதவுக்கு முன்னால் தொழிலாளர் கூட்டம். சிலர் கையில் இரும்புத் தடி. பூட்டுக்காரர் பூட்டைப் பார்த்தார். ஒரு நிமிட வேலை!

“போலீஸ் வந்திருக்குன்னு சொல்லுங்க மச்சான், நம்பிச் சும்மா நின்னுடுவான், நீங்க திறந்துடலாம்” என்று தடியோடு நின்ற ஃபிட்டர் கிசுகிசுத்தான். தங்கை வீட்டுக்காரனின் நண்பன் அவன். அந்த உரிமையில் மச்சான் என்பான்.

பூட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

“சார், நான் பூட்டுக்காரன். விரல் போனவனுக்கு மச்சான். போலீஸ் இல்ல. வெளிய எல்லாரும் கொதிச்சுப் போயிருக்காங்க. தடியும் இருக்கு. எனக்கும் வயிறு எரியுது. ஆனா நான் திறக்கப் போறதில்ல. நீங்களாத் திறங்க.”

“பைத்தியமா உனக்கு!” ஃபிட்டர் பாய்ந்தான். தங்கை அண்ணனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “அவருக்கு இனிமே சோறு பிசைஞ்சு ஊட்டவே ஆள் வேணும். நீ இங்க நியாயம் பேசறியா? திறக்கலேன்னா எனக்கு அண்ணனே இல்லண்ணா!”

அவர் நெஞ்சு நொறுங்கியது. கைகளில் தூக்கி வளர்த்த தங்கை! கண் கலங்கியது, கால் நகரவில்லை.

“திறந்து விட்டா அவனை அடிச்சே கொன்னுடுவாங்கம்மா. அப்புறம் விரலு எப்படிப் போச்சுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

உள்ளிருந்து நடுங்கும் குரல்: “வந்தா அடிப்பாங்களா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்!

“அடிக்கலாம் சார். ஆனா உங்களுக்கு முன்னாடி நான் நிப்பேன். வந்து நடந்ததைச் சொல்லுங்க.”

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். பின்பு... சாவி திரும்பியது!

மேனேஜர் வெளியே வந்த அதே நொடி ஃபிட்டரின் தடி உயர்ந்தது. பூட்டுக்காரர் குறுக்கே புகுந்தார். அடி அவருடைய தோளில் இறங்கி, முகத்தையும் உரசியது. உதட்டில் ரத்தம்! கீழே சரிந்தவர், கதவைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்து அதே இடத்தில் நின்றார். கை ஓங்கவில்லை, திட்டவும் இல்லை.

“அண்ணா!” தங்கையின் அலறல் கூரையை முட்டியது. ஃபிட்டரின் கையிலிருந்து தடியைப் பிடுங்கி எறிந்தாள். “தொட்டீங்கன்னா பாருங்க!”

அந்த ரத்தத்தைப் பார்த்தபடியே மேனேஜர் பேசினார். “நான்தான்... வேலை சீக்கிரம் முடியணும்னு தடுப்பைக் கழட்டச் சொன்னது நான்தான். காலைல, அவனாக் கழட்டினான்னு முதலாளிகிட்டச் சொல்லிட்டேன்.”

அந்தப் பொய் நிலைத்திருந்தால் விரலோடு வேலையும் போயிருக்கும்! வெறுங்கையைப் பார்த்தபடி நின்ற ஃபிட்டர் சொன்னான்: “தடுப்பு மாட்டாம இங்க ஒரு மெஷினும் ஓடாது.”

“ஓடாது!” என்று அத்தனை குரல்களும் சேர்ந்து முழங்கின.

தங்கை தன் கைக்குட்டையால் அண்ணனின் உதட்டைத் துடைத்தாள். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

“இதை ஆஸ்பத்திரிக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. அப்புறம் முதலாளிகிட்ட. நாங்க கூடவே வர்றோம். யாரும் உங்க மேல கை வைக்க மாட்டாங்க.”

கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. மேனேஜர் முதல் அடி எடுத்து வைத்தார்.