தாரை வார்த்தவர்களின் பெயர்

என் மனைவி இறந்த ஐந்தாம் மாதத்தில், அவள் யாருடைய மகள் என்பதைச் சான்றுகளோடு நிறுவ வேண்டியிருந்தது. அவள் கொச்சியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவள். ஆனால் அவளுடைய பாஸ்போர்ட்டிலும், எங்கள் திருமணச் சான்றிதழிலும், கடைசியாக வந்த இறப்புச் சான்றிதழிலும் அவள் மதுரையில் இருந்த என் தாய்மாமாவின் மகள். அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான்.

சான்று கேட்டவள் எங்கள் ஒரே மகள். துபாயில் வேலை பார்க்கிறாள். தாய்வழி உரிமையில் இஸ்ரேலில் குடியேற விண்ணப்பித்திருந்தாள். அங்கே பாலைவனத்தை ஒட்டிய ஓர் ஊரில் என் மனைவியின் அக்கா தனியாக இருக்கிறார். நான் கத்தாரில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலை ஒன்றில் ஓய்வுக்குப் பிறகும் ஆலோசகராக நீடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

"இந்த நேரத்துலயாம்மா அங்க போகணும்?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"எதுப்பா நல்ல நேரம்? பொறந்ததுல இருந்து கல்ஃப்லயே இருக்கேன். வேலை போச்சுன்னா விசாவும் போச்சு, பெட்டியக் கட்டணும். மதுரையில எனக்கு யாரத் தெரியும்? பெரியம்மா போன்ல பேசுனா அம்மா பேசற மாதிரியே இருக்கு."

"அவங்க மலையாளம் இல்ல பேசுவாங்க."

"ஆமா. பாதிதான் புரியுது. பரவால்ல."

பெரியம்மா அனுப்பியிருந்த பழைய காகிதங்களில் குறையில்லை. பெற்றோரின் திருமண ஒப்பந்தம், இரண்டு பெண்களின் பிறப்புப் பதிவு, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் இருந்தன. இளைய பெண் யூதப் பெண் என்பதில் குடியேற்ற அலுவலகத்துக்கு ஐயமே இல்லை. அந்தப் பெண் இருபத்து மூன்று வயதோடு காகிதத்தில் நின்றுபோகிறாள் என்பதுதான் அவர்களுடைய சிக்கல். அவளுக்குத் திருமணமும் பதிவாகவில்லை, மரணமும் பதிவாகவில்லை. வேறொரு பெயரில், வேறு பெற்றோருக்கு மகளாக என் மனைவி அங்கிருந்து தொடங்குகிறாள். இருவரும் ஒருவரே என்று கணவர் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும், பெயரும் மதமும் மாறியது மனைவியின் விருப்பத்தின்படியா என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பத்திரம் இல்லாவிட்டால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படும்.

நடந்தது இவ்வளவுதான். சென்னையில் நாங்கள் இருவரும் வேதியியல் படித்தோம். அவள் குடும்பம் இஸ்ரேலுக்குக் கிளம்பியபோது அவள் விடுதியிலேயே தங்கிவிட்டாள். திருமணத்தில் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க யாரும் இல்லாததால், எங்கள் வழக்கப்படி ஒரு தம்பதி அந்த இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. என் தந்தையின் பங்காளிகள் நின்றால் அவள் எனக்குத் தங்கை முறை ஆகிவிடுவாள். எனவே தாய்மாமாவும் அத்தையும் நின்றார்கள். அன்று முதல் அவள் எனக்கு மாமன் மகள், முறைப்பெண். அத்தை அன்று மாலையே, "இனிமே இது எங்க வீட்டுப் பொண்ணு. இவன் ஏதாவது சொன்னான்னா நேரா எங்கிட்ட வந்துரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அது சடங்கோடு முடிந்திருக்க வேண்டியது.

இரண்டு மாதங்களில் எனக்கு ஜுபைலில் வேலை கிடைத்தது. சவூதி விசா விண்ணப்பத்தில் மதத்துக்கு ஒரு கட்டமும் தந்தை பெயருக்கு ஒரு கட்டமும் இருந்தன. அவளுடைய தந்தையின் பெயரைப் படித்த எவருக்கும் மதத்தைக் கேட்கத் தேவையிருக்காது; யூதர் என்றால் விசா இல்லை. நான் மாமாவின் ரேஷன் கார்டில் அவளுக்கு வைத்த புதுப் பெயரைச் சேர்த்தேன். அதைக் கொண்டு திருமணத்தைப் பதிந்து, பாஸ்போர்ட் வாங்கினேன். படிவங்களில் மதம் இந்து என்று நானே நிரப்பி, கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து அவளிடம் கொடுத்தேன். அவள் புள்ளி இருந்த இடத்தில் கையெழுத்திட்டாள்.

பயணத்துக்கு முந்தைய வாரம் அவளைப் பயிற்றுவித்தேன். அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த ஊர். மூன்றாம் நாள் அவள் தடுமாறாமல் சொன்னாள். ஜுபைலில் மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது எழுத்தர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே பதில் வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நான் இப்போது எந்தப் பெயரிட்டும் அழைக்க விரும்பவில்லை.

அவளுடைய தந்தை இறந்த செய்தி கொச்சி நண்பர் ஒருவர் மூலம், மூன்று வாரம் கழித்து, கடிதத்தில் வந்தது. அவள் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு நாள் முழுதும் நாற்காலியில் அமரவில்லை, சமைக்கவில்லை. அவர்கள் துக்கம் காக்கும் முறை அது. பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்த பெண்மணி, "என்னாச்சு, ஏன் கீழ உக்காந்திருக்கே?" என்று கேட்டார். "இடுப்புப் பிடிப்பு" என்று நான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்மணியிடம், "ஆமாக்கா, ரெண்டு நாளா" என்றாள். அவர் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதைத் தேய்த்தும் கொண்டாள்.

துபாய்க்கு ஒரு வெள்ளிக்கிழமை போனேன். அங்கே தேரா பகுதியில் மகளுக்குத் தெரிந்த ஒரு டைப்பிங் சென்டரில், பத்திரத்தை அடிப்பவர் கீழக்கரைக்காரர், என்னைவிடச் சற்று இளையவர். மகள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க சார். உங்க ஒய்ஃபோட வாப்பா... அப்பா பேரு?"

சொன்னேன். அவர் அடித்தார். மகள் என் கையைத் தொட்டாள்.

"அப்பா, அது மாமாத் தாத்தா பேரு."

நான் சொன்னது மாமாவின் பெயரைத்தான். திருத்துவதற்காக வந்த இடத்திலும் அதையே சொல்லியிருந்தேன். நிலைமையை அவரிடம் சுருக்கமாக விளக்கினேன். கொச்சி, யூதர், இஸ்ரேல் என்ற சொற்களைக் குரலைத் தாழ்த்தியே சொன்னேன். பழக்கம்.

அவர் அடித்த பெயரைத் திரையிலிருந்து அழித்தார். "நான் டைப் அடிக்கத்தான் சார் இருக்கேன், விசாரிக்க இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். இங்க வாரத்துக்கு மூணு பொய் மாத்திச் சொல்றவங்கள எல்லாம் பாத்திருக்கேன். நாப்பது வருஷம் ஒரே பொய்ய ஒரே மாதிரி சொன்ன ஆளு நீங்கதான்." பிறகு மகளைப் பார்த்து, "கோச்சுக்காதம்மா" என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். அம்மா போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

சரியான பெயரை அவர் அடித்தார். ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், நான் கொடுத்த பொய்த் தகவல்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கடைசிப் பத்தியில் நிறுத்தினார்.

"மதம், பேரு மாத்துனது அவங்க சம்மதத்தோடன்னு போடவா, சம்மதம் இல்லாமன்னு போடவா?"

"இல்லாமன்னு போட்டா கேஸ் ஸ்ட்ராங்பா. தானா மதம் மாறுனாங்கன்னா யோசிப்பாங்க," என்றாள் மகள். "அம்மா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க."

அதில்தான் நான் நின்றுபோனேன். சம்மதத்தோடு என்றால் அவள் தன் தந்தையைத் தானே விட்டுவிட்டாள் என்று ஆகும். சம்மதமின்றி என்றால் நாற்பது ஆண்டுகள் கட்டாயத்தில் என்னோடு இருந்தாள் என்று நான் ஆணையிட வேண்டும். எதையேனும் நினைவிலிருந்து எடுக்க முயன்றேன். பென்சில் புள்ளிகள் வந்தன. அவள் கையெழுத்து ஒவ்வொன்றும் புள்ளியின் மீது சரியாகத் தொடங்கியது. அவ்வளவுதான் வந்தது.

"நான் அவளக் கேக்கலன்னு போடுங்க," என்றேன்.

"அப்படி ஒரு வாசகம் ஃபார்மட்ல கிடையாது சார்."

"அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு அடித்தார்: பெயரையும் மதத்தையும் மாற்றும் முடிவை நான் எடுத்தேன், என் மனைவியின் விருப்பத்தை நான் அன்று கேட்கவில்லை, பின்னரும் கேட்கவில்லை. நான் கையெழுத்திட்டேன். முத்திரை வைக்க எடுத்துப் போகும்போது மகள் அந்தப் பக்கத்தை நின்றபடி முழுவதும் படித்தாள்.

"பின்னாடியும் கேக்கலையாப்பா?"

"இல்லைம்மா."

"ஒரு தடவ கூட?"

"இல்லை."

அவள் பக்கத்தைக் கோப்பில் வைத்தாள். விமான நிலையத்துக்கு டாக்ஸி பிடித்துத் தந்தாள். வழியில் சாப்பிடச் சொன்னாள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று பதினோரு வாரம் கழித்து எழுதினாள். கடிதத்தின் படத்தையும் அனுப்பியிருந்தாள். ராஸ் லஃபானிலிருந்து திரும்பும் பேருந்தில் அதைப் பார்த்தேன். தாயின் பெயர் என்ற இடத்தில் என் மனைவிக்குப் பிறந்தபோது வைத்த பெயர் இருந்தது. என்னோடு வாழ்ந்த பெயர் எங்குமே இல்லை. அதுவே முறை. அந்தப் பெயர் நான் வைத்தது.

மகளுக்கு வாழ்த்து எழுதினேன். எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டேன். அடுத்த மாதம் என்று பதில் வந்தது. போவதற்கு முன் ஒரு வாரம் தோஹா வந்து, அம்மாவின் புடவைகளைப் பிரித்துக் கொடுக்க உதவுவதாகவும் எழுதியிருந்தாள். உனக்கு எவை வேண்டும் என்று எழுதினேன். அதை அனுப்பும் முன்பே, ஒருவரின் விருப்பத்தைக் கேட்க எனக்குத் தெரிந்திருக்கிறது என்பது உறைத்தது. பேருந்து என் நிறுத்தத்தைக் கடந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.