நடுத்தட்டு இல்லாத சல்லடை

டீசலுக்காக வேன்கள் எல்லாம் ஹட்டன் ரோட்டில் வரிசையாகக் கிடந்த வருஷம் ஒன்று இருந்ததே, அதற்கு அடுத்த வருஷத்து மாசி மாதம். வரிசையில் கிடந்த மூன்று நாளும் நான் வேனுக்குள்ளேயே படுத்து, பக்கத்து வேன்காரன் போட்ட பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் செட்டில் தவில் அடித்தால் என் சீட்டு அதிர்ந்தது. டீசல் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியதும், ஹட்டனில் செட் விற்கிற ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் போய் நானும் அதே மாதிரி செட் வாங்கிப் பூட்டினேன்.

“டயரு வழுக்கையாக் கெடக்கு, இவருக்குத் தவுலு கேக்குது” என்றாள் என் மனைவி. டயரையும் பிறகு மாற்றினேன்.

செட் என்றால் கதவுகளில் நாலு சின்ன ஸ்பீக்கர். பின்சீட்டுக்குக் கீழே மரப்பெட்டியில் பெரிய ஊஃபர் ஒன்று. இரண்டுக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற ஆம்ப். அந்த ஆம்பில் இரண்டு திருகு இருக்கும். இடது திருகில் வைக்கிற எண்ணுக்குக் கீழே உள்ள கனத்த சத்தம் பெட்டிக்குப் போகும். வலது திருகில் வைக்கிற எண்ணுக்கு மேலே உள்ள சத்தம் கதவுகளுக்குப் போகும். இதற்கு கிராஸ்ஓவர் என்று பெயர். ஆம்பில் இருந்த இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. எண் தெரியும். இஸ்டோரில் கற்றுக்கொண்டது.

தேயிலை ஃபெக்டரியைத்தான் நாங்கள் இஸ்டோர் என்போம். அங்கே சல்லடை அறையில் எனக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. சல்லடைக்கும் எண்தான். ஒரு சல்லடையில் நிற்பது ஒரு ரகம், அதில் விழுந்து அடுத்ததில் நிற்பது இன்னொரு ரகம், கடைசியில் டஸ்ட். ஒரு ரகத்துக்குள் இன்னொன்று கலந்துவிட்டால் டீமேக்கர் கையில் அள்ளி முகத்துக்கு நேரே காட்டுவார். “இது என்னா, புளிச்சாதமா?” என்று கேட்பார். அவர் நல்ல மனிதர்தான். ஓய்வுபெற்றுப் போகும்போது எனக்கு ஒரு குடை கொடுத்தார்.

நானா திருகுகளை ஏதோ எண்ணில் வைத்துத்தான் அனுப்பினார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் கனத்த சத்தத்துக்குக் கதவுத் தட்டி கடகடவென்றது. கலப்படம் என்று முடிவு செய்தேன். டஸ்ட்டில் பெரிய இலை விழுந்தால் என்ன செய்வோம்? இரண்டு சல்லடையின் எண்ணுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டுவோம். பெட்டித் திருகை ஐம்பதுக்கு இறக்கினேன். கதவுத் திருகை இருநூறுக்கு ஏற்றினேன். கடகடப்பு நின்றது. தோட்டத்தில் யாருக்கும் வராத வேலை எனக்கு வந்துவிட்டதாக நினைத்தேன்.

அந்த மாசியில்தான் என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடித்தார். தப்பு அவர் உயிர். கவ்வாத்தில் வெட்டிய காய்ந்த தேயிலைக் குச்சியை, அந்த மிலாறைக் கொளுத்தி, அந்த அனலில் தோலைக் காய்ச்சி, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்து எடுப்பார். வேறு யாரும் காய்ச்சினால் தொடமாட்டார். கூத்தை வீடியோக்காரர் ஒருவர் நல்ல மைக் வைத்துப் பிடித்துப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

மச்சானின் மகளைத்தான் என் மகனுக்குப் பேசியிருந்தோம். அவர்கள் இரண்டு பேருமே நாலு வருஷமாகக் காத்திருந்தவர்கள். பரிசத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்திருந்தோம். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பூண்டுலோயாவில் ஒரு சடங்கு வீட்டுக்குக் கூத்துக்கார ஆட்கள் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு போனேன். மச்சான் முன்சீட்டில். தலவாக்கலை தாண்டியதும் அவரே அந்தப் பென்னை எடுத்துச் செட்டில் குத்தினார்.

பாட்டு வந்தது. சலங்கை கணீரென்று வந்தது. தப்பு வரவில்லை. வந்தது ஏதோ டக்கு டக்கென்று ஒரு சத்தம்.

பின்னாலிருந்து ஒருவன் மச்சானிடம், “பெரியப்பா, இது தப்பா, பிஸ்கட்டு டின்னா?” என்றான்.

“லயத்துத் தகரக் கூரையில ஆலங்கட்டி மழ பேயுதுடா” என்றான் இன்னொருவன்.

வேன் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். அதுதான் பெரிய பிழை.

மச்சான் சிரிக்கவில்லை. “என்னா மச்சான் செஞ்ச?” என்று கேட்டார்.

“நான் ஒண்ணும் செய்யலயே. செட்டுல வாறதுதான் வருது.”

“சலங்க வருது, அவன் கொரலு வருது, என் தப்பு மட்டும் வரலையா? ஒனக்குக் காது இல்லன்னு பொங்கலன்னைக்கு நான் சொன்னதுக்குப் பழி வாங்குறியா?”

“அட, அத நான் அன்னைக்கே மறந்துட்டேன்.”

“நிப்பாட்டுய்யா வண்டிய.”

வட்டகொடை ஸ்டேஷன் வளைவு முடக்கில் நிறுத்தினேன். இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “என் தப்பத் தகரமாக்குன வீட்டுக்கு என் புள்ள வரமாட்டா. பரிசமும் வேணாம், ஒண்ணும் வேணாம்.” நடந்தே போய்விட்டார்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அரிவாள்மனையை விட்டு எழுந்திருக்கவில்லை. “எங்கண்ணன் சொன்னா சொன்னதுதான். அந்தத் திருகாணிய எவன் தொடச் சொன்னான் ஒங்கள?” என்றாள். மகன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் காலையில் நானாவின் கடைக்கு வேனைக் கொண்டுபோனேன். அவர் குனிந்து திருகைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஐயா, ஐம்பதுக்கும் எரநூறுக்கும் நடுவுல உள்ளது எங்க போகும்?”

“நடுத்தட்டுல விழும்” என்றேன்.

“எந்தத் தட்டு?”

அப்போதுதான் எனக்குப் பட்டது. இஸ்டோரில் எந்தச் சல்லடைக்கும் சேராததற்கு ஒரு தட்டு உண்டு. அதில் விழுந்ததை அள்ளி மறுபடி வெட்டி மறுபடி சலிப்போம். இந்த ஆம்பில் அந்தத் தட்டு இல்லை. நடுவில் உள்ளது கதவுக்கும் போகாமல் பெட்டிக்கும் போகாமல் ஒன்றுமில்லாமல் போகிறது. தப்பின் வயிற்றுச் சத்தம் முழுக்க அந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது.

“ரெண்டையும் ஒரே நம்பர்ல வைங்க” என்றார் நானா. “சத்தம் கத்தியால வெட்டின மாதிரி நிக்காது ஐயா. நம்ம மலைச் சரிவு மாதிரி ரெண்டு பக்கமும் எறங்கும். ஒண்ணு எறங்கக்குள்ள மத்தது ஏறணும்.”

செட்டிலேயே கிடந்த மச்சானின் பென்னைப் பாடவிட்டு, முதலில் இரண்டையும் எண்பதில் வைத்தார். கதவு மறுபடி கடகடத்தது. சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே போக முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே நூறுக்கு ஏற்றினார். கடகடப்பு அடங்கியது, தப்பு வந்தது. ஆனால் அடி பின்சீட்டுக்குக் கீழே தனியாகக் கிடந்தது, பாட்டு முன்னால் தனியாக. நானா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பெட்டிக்குப் போகிற இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பூட்டினார். அடி எழுந்து பாட்டோடு வந்து சேர்ந்தது. பெட்டி தள்ளுகிற நேரத்தில் கதவும் தள்ள வேண்டுமாம். ஒன்று தள்ள மற்றது இழுத்தால் இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடுமாம்.

புதன்கிழமை காலை மச்சானின் லயத்து வீட்டுக்குக் கீழே ரோட்டில் வேனை நிறுத்தினேன். அவர் மேலே லீக்ஸ் பாத்தியில் நின்றார். கூப்பிட்டால் வரமாட்டார். நாலு கதவையும் திறந்து, பென்னைக் குத்திவிட்டு, வேனை விட்டுத் தள்ளிப் போய் மதகில் உட்கார்ந்தேன்.

முதல் பாட்டு முடிவதற்குள் இறங்கி வந்தார். கையெல்லாம் மண். என்னைப் பார்க்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கால் விரல் தாளம் போட்டது. மூன்றாவது பாட்டின் நடுவில் விரல் நின்றது. திருப்பிப் போட்டார். மறுபடி அதே இடம். எனக்கும் கேட்டது: அந்த இடத்தில் தப்படிக்கிற மச்சானின் கை அரைத் தாளம் பிந்துகிறது. பிஸ்கட் டின்னாக இருந்தபோது அது யாருக்கும் கேட்டிருக்காது.

செட்டை நிறுத்திவிட்டு, “மச்சான்” என்றார்.

“சொல்லு.”

“வெள்ளிக்கெழம வெள்ளென வந்துருங்க. எட்டு மணிக்குள்ள.”

“வாறோம்.”

“இந்தப் பென்ன கொண்டாராத. வேற பாட்டு எதுனாலும் போடு.”

வெள்ளிக்கிழமை வேறு பாட்டுப் போட்டுக்கொண்டு போனோம். பரிசம் நடந்தது.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது வேனுக்கோ ஆட்டோவுக்கோ செட் பூட்டினால் இதைச் சொல்லிவிடுங்கள்: இரண்டு திருகும் ஒரே எண்ணில் நிற்கட்டும். கதவு கடகடத்தால் இரண்டையும் சேர்த்தே ஏற்றட்டும். அவரும் இன்னொருவருக்குச் சொல்லட்டும். மச்சான் பிந்திய இடத்தை மட்டும் சொல்ல வேண்டாம்.