எண்பது என்று எழுதிய கேக்

கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நானே முடிவெடுத்து, நானே ஓடியாடிச் செய்த முதல் காரியம் அம்மாயியின் எண்பதாவது பிறந்தநாள். அம்மாவைப் பெற்றவர். அம்மா குவைத்துக்குப் போனதிலிருந்து என்னை வளர்த்ததும் அவர்தான். எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிள்ளைகளுக்கு மட்டுமே பிறந்தநாள் உண்டு. வயசானவர்களுக்குக் கேக் வெட்டி நான் பார்த்ததில்லை. ஒரு நாளாவது அவரை நடுவில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு அவசரம்.

அடையாள அட்டையில் தேதி பார்த்தேன். கேகாலையில் கேக் சொன்னேன். பேக்கரிக்காரருக்குத் தமிழ் வராது. நான் பெரிதாக எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து அம்மாயியின் பெயரைக் கிரீமில் அப்படியே வரைந்துவிட்டார். பஸ்ஸில் மடியில் வைத்து, ஒவ்வொரு வளைவுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஒரே கூரையடியில் வரிசையாக ஒட்டிய காம்பரா வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கும் லயம். சாயங்காலம் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அம்மா போனில் வந்தார். மாமா பலூன் கட்டினார்.

"அம்மாயி, கத்தியப் புடிங்க."

அவர் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடி எழுதியிருக்கு?"

"ஒங்க பேரு. எண்பது வயசுன்னு."

"எனக்கு எங்க எண்பது? எழுபத்தேழுதான்."

"பாத்தியா, வயசக் கொறைக்கிது! மாப்பிள்ள பாத்துருவமா?" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம், அவரைத் தவிர. எழுத்தில் படாமல் ஓரமாக ஒரு துண்டு வெட்டினார். யாருக்கும் ஊட்டவில்லை. அதைத் தட்டில் வைத்துச் சாமிப் படத்தடியில் கொண்டுபோய் வைத்தார், செத்தவர்களுக்குப் படைப்பதுபோல.

வந்தவர்கள் போனதும், தேத்தண்ணிக் கப்புகளைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அது எங்க அக்கா பேரு."

மூன்று வயது மூத்த அக்கா சிறுபிள்ளையிலேயே காய்ச்சலில் போய்விட்டாளாம். அவளுடைய பிறப்புச் சான்றிதழ் மட்டும் தகரப்பெட்டியில் இருந்தது. ரப்பர் பால் வெட்டப் பெரிய ஆளாகப் பதிய அம்மாயிக்கு வயது போதவில்லை. அவருடைய அப்பா செத்த மகளின் சான்றிதழைத் தோட்ட ஆபிசில் காட்டிவிட்டார். அன்றிலிருந்து, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், அக்காவின் பெயருக்கு அம்மாயி "ஆமாங்க" என்றார். கல்யாணப் பதிவு, அடையாள அட்டை எல்லாமே அந்தப் பெயரில். அம்மாவுக்கும் மாமாவுக்கும் இது தெரியாது.

"தாத்தாவுக்கு?"

"தெரியும். தெரிஞ்சு என்னா? அவரு என்னைக்குப் பேரு சொல்லிக் கூப்புட்டாரு? 'ஏய்'தான்."

"அப்ப ஒங்க பேரு என்னா, அம்மாயி?"

சொன்னார். சின்னப் பெயர். சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னோமா என்பதுபோல் ஒரு கணம் நின்றார். "எங்கம்மா போனதுக்கப்புறம் அப்பிடிக் கூப்புட ஆளில்ல."

எனக்குக் கை சும்மா இருக்காது. வேறு கேக், வேறு தேதி என்று உடனே திட்டம் போட ஆரம்பித்தேன். "நெசமாவே நீங்க பொறந்த நாள் எப்ப?"

"நல்ல மழையாம். யாரு எழுதி வச்சா?"

"சரி, அந்தப் பேர நான் ஒரு தடவ கூப்புடவா?"

"அடிப்பாவி! ஒங்கம்மாவப் பெத்தவளப் பேரு சொல்லியா கூப்புடுவ?" அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு கப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, "சரி, கூப்புடு. ஒரே ஒரு தடவ" என்றார்.

ஈரக் கையோடு காத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். பெயர் நாக்கு வரைக்கும் வந்து நின்றது. அவரைவிட மூத்த ஒருவர் சொல்ல வேண்டிய பெயர் அது. அப்படி ஒருவரும் இல்லை.

"அம்மாயி" என்றேன்.

"என்னா?" என்றார், எப்போதும்போல.