“இண்டைக்கு நான் ஒரு பிழை விடுவன்”: கேப்டன் வத்சலா

மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது சிவா அழைத்தார். “அக்கா, வத்சலா போயிட்டா.”

“எந்த ஊருக்கு?” என்று கேட்டேன். விமானியின் கணவர் அப்படிச் சொன்னால் வேறு என்ன கேட்கத் தோன்றும்? மறுமுனையில் அவர் அழத் தொடங்கிய பிறகும் எனக்குப் புரியவில்லை. கடைக்காரர் கவுண்ட்டரைச் சுற்றி வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தபோதுதான், சிவா சொன்னது உறைத்தது.

காலையில் நடக்கப் புறப்பட்டவர், பியர்பொன்ட்ஸ் பகுதியிலுள்ள தன் வீட்டு வாசலில் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்திருக்கிறார். பிறகு நிமிரவில்லை. மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. விமானிகளுக்கான உடற்பரிசோதனையில் அண்மையில்தான் தேறியிருந்தார். இதை எழுதும்போதும் ஏதோ தவறான ஆளைப் பற்றி எழுதுவதுபோலத்தான் இருக்கிறது.

அவரோடு பறந்த சக ஊழியர்களே, உங்களுக்கு அவருடைய அந்தப் பனிநாள் கதை தெரியும். அன்று அந்த விமானத்தில் பணிப்பெண்களின் தலைவியாக இருந்தவள் நான். விமானிகள் அறையின் கதவுக்கு இந்தப் பக்கம், பயணிகளைப் பார்த்தபடி அமர்ந்திருந்தேன். வத்சலா அப்போது துணை விமானி. மொன்றியலில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. வழக்கத்தைவிட வேகமாகப் போகிறோம் என்று என் முதுகுக்குத் தெரிந்தது. திடீரென்று இயந்திரங்கள் அலறின. விமானம் மூக்கைத் தூக்கி மேலே ஏறியது. யாரோ கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் வத்சலாவின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும், சுற்றிவந்து மறுபடி இறங்குவோம் என்று நிதானமாகச் சொன்னார்.

இறங்கிய பின் கேப்டன் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார். உள்ளே போய், “என்ன ஆச்சு வத்சலா?” என்று கேட்டேன்.

“வேகம் கூடிப்போச்சு, அக்கா. ஓடுபாதை ஈரம். மேல ஏறுங்கோ எண்டு ரெண்டு தரம் சொன்னன். அவர் மறுமொழி சொல்லேல்லை. அதான் நானே எடுத்திட்டன்.”

இருமுறை எச்சரித்தும் கேப்டனிடமிருந்து பதில் வராவிட்டால், துணை விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கலாம். விதி அதுதான். ஆனால் மூத்த கேப்டன் ஒருவரிடம் அதைச் செய்துகாட்டியவரை அதுவரை நான் கண்டதில்லை. விசாரணை நடந்தது. பத்திரமாக நிறுத்தியிருப்பேன் என்றார் கேப்டன். வேகம் வரம்பைத் தாண்டியிருந்ததைப் பதிவுகள் காட்டியதால் வத்சலா மேல் குற்றம் இல்லை என்றார்கள். ஆனாலும் அவரோடு பறக்க விரும்பாத சிலர் இருந்தார்கள். “நடக்காத விபத்துக்கு ஆர் அக்கா சாட்சி சொல்லுறது?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

காலம் போகப்போக அந்தக் கதையே அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. புதியவர்களின் பயிற்சி வகுப்புகளுக்கு அவரை அழைத்து அதைச் சொல்லச் சொன்னார்கள். அவரும் கேப்டனானார். வத்சலாவைப் போலப் பேசுங்கள் என்று பயிற்றுநர்கள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

பிறகு அந்தக் கோடைகாலப் பயணம். கரீபியன் தீவொன்றிலிருந்து உல்லாசப் பயணிகளோடு திரும்பினோம். நகரத்தை நோக்கி இடிமழை வந்துகொண்டிருந்தது. அதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். கேப்டன் இருக்கையில் வத்சலா. பக்கத்தில் எத்தியேன் என்ற இளம் துணை விமானி. உயரமாகவும் வேகமாகவும் வந்து, ஓடுபாதையின் பெரும்பகுதியைத் தாண்டிய பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. பிரேக் பிடித்த பிடியில் இருக்கைப் பட்டை என் தோளை அறுத்தது. நின்றபோது முன்னால் பாதை அதிகம் மிச்சமில்லை. ஒன்றும் அறியாத பயணிகள், இங்கே வழக்கம்போல, கைதட்டினார்கள்.

எல்லோரும் இறங்கிய பின் உள்ளே எட்டிப் பார்த்தேன். வத்சலா கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எத்தியேனிடம் பிரெஞ்சில் கேட்டார்: “வேகத்தைக் கவனித்தாயா?”

“கவனித்தேன்.”

“பிறகு ஏன் சொல்லவில்லை?”

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னான்: “நீங்கள் என்பதால்தான். அந்தப் பனிநாளில் அப்படிச் செய்தவர், காரணமில்லாமல் இப்படி இறங்க மாட்டீர்கள் என்று நினைத்தேன்.”

வத்சலாவின் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததே இல்லை, பனிநாளில்கூட இல்லை. என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: “கேட்டீங்களோ அக்கா? நான் வாய் திறந்த கதையைச் சொல்லிச் சொல்லியே இந்தப் பிள்ளையின்ர வாயை அடைச்சுப்போட்டன்.”

அன்றே தன்மேல் தானே அறிக்கை எழுதிக் கொடுத்தார். பறப்பதிலிருந்து நிறுத்தி, மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த பிறகு எந்த வகுப்பிலும் பனிநாளைப் பற்றி அவர் பேசவில்லை. கைதட்டல் கிடைத்த அந்த இறக்கத்தைப் பற்றி மட்டுமே பேசினார். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஊழியர்கள் எல்லோரையும் கூட்டி, இன்று நான் ஒரு தவறு செய்வேன், அதை நீங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்பார். நான் மட்டும் இருந்தால் தமிழில்: “இண்டைக்கு நான் ஒரு பிழை விடுவன், பாத்துக்கொண்டிருங்கோ.” பிறகு, யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்பார். எல்லோரும்தான் அப்படிக் கேட்கிறார்கள். கேட்ட கையோடு தாளைப் புரட்டிவிடுவார்கள். வத்சலா அங்கேயே நிற்பார். நெளிவோம், சிரிப்போம். யாராவது ஒருவர் வாய் திறக்கும்வரை நகரமாட்டார்.

இறுதிச் சடங்கு நடந்த மண்டபத்தில் சிவா என் கையைப் பிடித்துக்கொண்டார். “தலையிடிக்குது எண்டு முதல் நாளே சொன்னவ, அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவமோ எண்டு கேட்டனான். ஒண்டுமில்லை, குளிசை போட்டாச் சரி எண்டா. அவதானே சொல்லுறா எண்டு நான் விட்டிட்டன்.” சற்றுத் தள்ளி எத்தியேன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியாது. அன்று அவன் சொன்ன காரணத்தையே சிவாவும் சொன்னது அவனுக்குப் புரியாதது நல்லதுதான் என்று நினைத்தேன். எல்லோருடைய சொல்லையும் கேட்ட பெண், தன் தலைவலி சொன்னதைக் கேட்கவில்லையே என்று என் வீடு இருக்கும் அஹுன்ட்சிக்வரை பேருந்தில் புலம்பிக்கொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த என் முதல் பணிநாளில், பயணத்துக்கு முந்தைய கூட்டத்தை நடத்தினேன். யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. வழக்கமாக நான் அத்தோடு முடித்துவிடுவேன். அன்று நின்றேன். கடிகாரத்தைப் பார்த்தார்கள். நின்றேன். கடைசியில், வேலைக்குப் புதிதாக வந்த பெண் கையை உயர்த்தினாள். அம்மா மருத்துவமனையில் இருப்பதால் சரியாகத் தூங்கவில்லை, அவசரக் கதவுப் பொறுப்பு இன்று தனக்கு வேண்டாம் என்றாள். அந்த இடத்துக்கு வேறொருவரை மாற்றினேன்.

வத்சலாவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இதுதான்: கேட்ட பிறகு நிற்பது.