ஏரிக்கரைப் பெண்ணின் பிறந்த வீட்டார்

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் மாதனூருக்குப் பக்கம். அந்த ஊர் ஏரிக்கு ஒரு கதை உண்டு. எத்தனை முறை மண் கொட்டியும் கரை உடைந்துகொண்டே இருந்ததாம். கணவனுக்குக் கூழ் கொண்டுபோன புதுப்பெண் ஒருத்தி உடைப்பில் தானே போய் உட்கார்ந்து, தன் மேல் மண்ணைப் போடச் சொன்னாளாம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பிறந்த வீட்டார் வந்து பார்த்த பிறகுதான் தன் முகத்தை மூட வேண்டும். அவள் பிறந்த ஊர் பேரணாம்பட்டு.

வருஷா வருஷம் மதகு திறக்கிற நாளில், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஏரிக்கரையில் உடுக்கை அடித்து இந்தக் கதையைச் சொல்வார்கள். முகம் மூடும் இடம் வந்ததும் கதைக்காரர் உடுக்கையை நிறுத்தி, "பேரணாம்பட்டுக்காரங்க வந்தாச்சா?" என்று கேட்பார். அந்த ஊர் ஆண் ஒருவர் எழுந்து, "வந்துட்டோம். எங்க பொண்ணு எங்க?" என்று சொல்லிப் புடவையும் மஞ்சளும் வைக்க வேண்டும். அப்புறம்தான் கதை நகரும், மதகும் திறக்கும்.

நானும் பேரணாம்பட்டில் பிறந்தவள்தான். ஆனால் கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்காரியாக எழுந்து நிற்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. யாரோ ஒரு ஆண்பிள்ளைதான் அதைப் போட்டிருப்பான். போகட்டும், பதில் சொல்ல என் அண்ணன் வருவான். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தவன் அவன் ஒருவன்தான். கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை. தீபாவளிக்குக்கூட வராதவன் கதைக்கு எப்படியாவது வந்துவிடுவான். மற்றவர்கள் கதை கேட்கப் போவார்கள். நான் அண்ணனைப் பார்க்கப் போவேன்.

அந்த வருஷம் அவன் வரவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தான் என்று பிறகுதான் தெரிந்தது. காலையிலிருந்து நான் வண்டிப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பாத்துப் பாத்து பாதையைத் தேய்க்காதடி, வர்றவன் வருவான்" என்றார் மாமியார். அது ஆறுதலா கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உடுக்கை நின்றது. கதைக்காரர் கேட்டார். யாரும் எழவில்லை. மறுபடி கேட்டார். கூட்டத்தில் ஒருவர், "தாண்டிச் சொல்லிட்டுப் போய்யா, பயிர் காயுது" என்றார்.

"யாரும் வராமலே அந்தப் பொண்ணு மூஞ்சியில மண்ணைப் போடச் சொல்றியா?" என்று கதைக்காரர் சீறினார்.

அவளுக்கும் யாரும் வரவில்லை, எனக்கும் யாரும் வரவில்லை. ஊர் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு பாய் எழுந்தார். தோல் பதனிடும் மண்டிகளுக்கு ஆவாரம்பட்டை வாங்கிப் போகிறவர். வண்டியில் பட்டைக் கட்டுகளை ஏற்றிவிட்டுக் கதை கேட்க உட்கார்ந்திருந்தார்.

"நானு பேரணாம்பட்டுதான். வந்துட்டோம். எங்க பொண்ணு எங்க?" என்றார்.

பெரியவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். கதைக்காரர் கையமர்த்தினார். "கதை ஊரைத்தான் கேக்குது. வேற ஒண்ணும் கேக்கல."

பாய் வண்டிக்குப் போய், குடியாத்தத்தில் தன் மனைவிக்காக வாங்கியிருந்த புதுப் புடவையை எடுத்து வந்து வைத்தார். மஞ்சளை யாரோ கொடுத்தார்கள். உடுக்கை மறுபடி ஒலித்தது. கதை முடிந்து மதகு திறந்தார்கள். எல்லோரும் தண்ணீரைப் பார்க்க ஓடினார்கள்.

பாய் மட்டும் பெண்கள் பக்கம் வந்து, "எங்க ஊர்ப் பொண்ணு வேற யார்னா இங்க வாக்கப்பட்டிருக்கா?" என்று கேட்டார். என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"புடவை எங்கன்னு எங்க வூட்ல கேப்பாங்கம்மா. நம்ம ஊர்ப் பொண்ணுக்குக் குடுத்துட்டேன்னு சொல்லுவேன். பொண்ணு எப்படி இருக்குதுன்னு உடனே கேப்பாங்க. இன்னா சொல்லட்டும்?"

அண்ணனைத் தவிர வேறு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

"நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க பாய்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். நான் அழுது ஓயும்வரை அவர் வண்டியில் மாட்டைப் பூட்டவில்லை.