ஈப்போவில் கிடைத்த முதல் ரசிகை

நண்பர்களே, இன்று எங்கள் ஈப்போ நகரமே ஒரு நிமிடம் மூச்சுவிட மறந்தது.

சொந்தமாக மெட்டுப் போட ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வாங்கப் போயிருந்தேன். என் வீட்டுக்காரி ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தாள்.

"ஒங்க மெட்டக் கேட்டு ஒரு ஆளாவது தானா ஓடி வரட்டும். அப்புறம் வாங்கலாம் லா."

கடைக்காரர் இரண்டு டிஸ்க் காட்டினார். முதலாவதில் மேற்கத்திய இசைக்குறிகள் எறும்புப் படைபோல் ஊர்ந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாவதில் விசைகளைத் தட்டினாலே போதுமாம்.

தட்டினேன். ஏழுலகும் மயங்கும் மெட்டு பிறந்தது!

பக்கத்துத் தையல்கடை அக்கா கிண்ணத்தோடு ஓடி வந்தார்.

"அண்ணே, ஐஸ்கிரீம்காரன் எந்தப் பக்கம் போனான்?"

இரண்டாவதையே வாங்கிவிட்டேன். ஓடி வந்தாரா, இல்லையா? என் மனைவியிடம் நீங்களே சாட்சி சொல்லுங்கள்.

கிண்ணத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.